மலக்குழியும் செப்டிக் தொட்டியும்



1660-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 20-ஆம் நாள். இலண்டன் மாநகரில் கடற்படை அலுவலகத்தில் உயர் பணியில் இருந்த சாமுவேல் பெப்பீஸ் என்பவர் தம் வீட்டின் நிலவறைக்குள் இறங்கினார். அங்கே ஒரு சாளரம் வைப்பதற்கு ஏற்ற இடம் எது என்று பார்ப்பதே அவருடைய நோக்கம். ஆனால் இறங்கிய கால் மலக்குவியலில் பதிந்தது. அண்டை வீட்டுக்காரரின் கழிப்பறைக் குழி நிரம்பி வழிந்து இவருடைய நிலவறைக்குள் வந்து சேர்ந்திருந்தது. பெப்பீஸ் நாள்தோறும் நாட்குறிப்பு எழுதும் பழக்கமுடையவர். நம் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையவர்களைப் போல, பெரிய செய்தி, சிறிய செய்தி என்று பாராமல் கண்டதையெல்லாம் எழுதி வைத்தவர். ஆதலால் இந்தச் சிறுமையையும் மறைக்காமல் எழுதினார். அரசர் முடிசூட்டையும் போரையும் பற்றி அவர் எழுதியவற்றை வரலாற்றாசிரியர்கள் பலமுறை எடுத்தாண்டுள்ளனர். நான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புவது அந்த நிலவறையைத்தான்.

வீட்டை விட்டு வெளியே போன கழிவு வீட்டிற்குள்ளேயே திரும்பி வருவது எதனால்? இவ்வினாவுக்கு விடை காண மனிதர் பல நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்டனர். அவ்விடை பாடநூல்களில் அரை வரி கூடப் பெறுவதில்லை. கோட்டைகளைப் பற்றிப் படிக்கும் நாம் அக்கோட்டைகளில் வாழ்ந்தோர் என்ன செய்தனர் என்று கேட்பதில்லை. கேட்டால் அநாகரிகம் என எண்ணுகிறோம்.

ஐரோப்பிய நகரங்களில் அக்காலத்தில் இருந்தவை வெறும் குழிகள். வீட்டின் அடியிலோ பக்கத்திலோ குழி தோண்டிக் கல்லாலோ செங்கல்லாலோ சுற்றுச்சுவர் எழுப்புவர். நீர்ப்பகுதி இடுக்குகளின் வழியே மண்ணில் கசிந்து போகும், கெட்டிப்பகுதி தங்கிவிடும். குழி நிரம்பினால் அதனை அள்ளுவதற்கென்று ஒரு கூட்டத்தார் இருந்தனர். இரவில் மட்டுமே அவர்கள் தொழில் செய்யலாம். பகல் வெளிச்சத்தில் அவர்களைக் காணவும் ஊரார் விரும்பவில்லை. அவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டுமே என்று வீட்டுக்காரர் நாளைக் கடத்துவர். நாளைக் கடத்தினால் விளைவு பெப்பீஸின் நிலவறை.

இதனினும் பெரிய விபத்தும் நிகழ்ந்ததுண்டு. 1184-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஜெர்மனி நாட்டின் எர்பர்ட் நகரில் அரசர் ஆறாம் ஹென்றி ஓர் அவையைக் கூட்டினார். மெயின்ஸ் நகரப் பேராயருக்கும் துரிங்கியாவின் சிற்றரசருக்கும் இடையே இருந்த பகையைத் தீர்த்துவைப்பதற்காகக் கூடிய அவை அது. மாடியின் தளம் பாரம் தாங்காமல் இடிந்தது. மேலே இருந்த பெருமக்கள் கீழ்த்தளத்தையும் உடைத்துக்கொண்டு அதன் அடியில் இருந்த மலக்குழியில் விழுந்தனர். ஏறத்தாழ அறுபது பேர் மாண்டனர் என்பர். கல்லால் அமைந்த சாளர மாடத்தில் அமர்ந்திருந்தமையால் அரசர் உயிர் தப்பினார்.

இனி, ஒரு விந்தையைக் கேளுங்கள். கழிப்பறை திருந்தியபோது இத்தொல்லை குறையவில்லை, கூடிற்று. 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரத் தொழிலர், நீரால் கழுவும் கழிப்பறைக்கு வளைந்த குழாய் ஒன்றை அமைத்துக் காப்புரிமை பெற்றார். வளைவில் எப்பொழுதும் சிறிது நீர் தங்கி நின்று நாற்றம் மேலே வராமல் தடுக்கும். இன்று உங்கள் வீட்டுக் கழிப்பறைப் பீங்கானின் அடியில் இருப்பதும் அவ்வளைவுதான். 1778-இல் ஜோசப் பிராமா இதனை மேலும் செப்பனிட்டார். செல்வர் வீடுகளில் இக்கழிப்பறை பரவலாயிற்று. ஆனால் ஒவ்வொரு முறையும் வாளி வாளியாக நீர் ஊற்றினால் அந்நீர் எங்கே போகும்? பழைய குழிக்கே போயிற்று. பல திங்கள் தாங்கிய குழி சில வாரங்களில் நிரம்பி வழிந்தது. மேலே பளபளக்கும் பீங்கானும் கீழே நிரம்பிய குழியுமாக நாகரிகம் பாதி வழியில் நின்றது.

1815-ஆம் ஆண்டு வரையில் இலண்டனில் வீட்டுக் கழிவைப் பொதுச் சாக்கடையில் விடுதல் குற்றம். சாக்கடை என்பது மழைநீருக்கு மட்டுமே உரியது. பின்னர் அத்தடையை நீக்கினர். நூற்றாண்டின் நடுப்பகுதியில் குழிகளை மூடிச் சாக்கடையோடு இணைக்குமாறு கட்டாயப்படுத்தவும் செய்தனர். ஆயினும் குழிகள் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. மறையாத குழிகளில் ஒன்று செய்த கொடுமையை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1854-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் இறுதியில் இலண்டன் சோஹோப் பகுதியில் பிராடு தெருவில் வாந்திபேதி தோன்றிற்று. சில நாள்களில் தெருத் தெருவாக மக்கள் மாண்டனர். அறுநூறு பேருக்கு மேல் இறந்தனர். கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று கற்றவர்களும் நம்பிய காலம் அது. ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் மட்டும் வீடு வீடாகச் சென்று விசாரித்தார். மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அத்தெருவில் இருந்த ஒரு குழாய்க் கிணற்றின் நீரைப் பருகியவர்கள் என்று கண்டார். அவர் சொல்லைக் கேட்டு செப்டம்பர் 8-ஆம் நாள் அக்கிணற்றின் கைப்பிடியைக் கழற்றினர். இதுவரையில் பல நூல்களில் படித்திருப்பீர்கள்.

ஆனால் கிணற்று நீர் கெட்டது எவ்வாறு? இதனைக் கண்டறிந்தவர் ஹென்றி ஒயிட்ஹெட் என்னும் இளம் பாதிரியார். அவர் ஸ்நோவின் கருத்தை மறுப்பதற்காகவே ஆராய்ச்சியைத் தொடங்கியவர் என்பதை மறக்கலாகாது. மறுக்கப் புகுந்தவர், தம் கண்ணால் கண்டதை ஏற்கும் நேர்மையும் உடையவராக இருந்தார். 40-ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தை வயிற்றுப்போக்கால் நோயுற்று இறந்ததையும், அதன் தாய் குழந்தையின் துணிகளை அலசிய நீரை வீட்டு முன்புறக் குழியில் கொட்டியதையும் அவர் கண்டார். 1855-இல் அவ்விடத்தைத் தோண்டிப் பார்த்தனர். குழியின் செங்கற்கள் உளுத்துச் சாந்து உதிர்ந்து கிடந்தன. குழிக்கும் கிணற்றுக்கும் இடையே இருந்த தொலைவு மூன்றடிக்கும் குறைவு. குழியின் கசிவு அம்மண்ணின் வழியே கிணற்றைச் சேர்ந்திருந்தது. அத்தாயின் மேல் குற்றம் இல்லை. அவள் குழியில் கொட்டினாள், தெருவில் கொட்டவில்லை. குற்றம் முழுவதும் அந்த மூன்றடி மண்ணில் இருந்தது.

1858-ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் ஆறே நாறியது. பாராளுமன்றச் சாளரத் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் அமர்ந்திருக்க முடியவில்லை. தம் மூக்கைத் தொட்ட பின்னரே அவர்கள் பணம் ஒதுக்கினார்கள். பொறியாளர் ஜோசப் பேசல்கெட் மாபெருஞ் சாக்கடைகளைக் கட்டினார். மாநகரின் கதை அத்தோடு நல்ல முடிவுக்கு வந்தது எனலாம். ஆனால் சாக்கடை எட்டாத ஊர்களில் உள்ள வீடுகளின் கதி என்ன?

அதற்கு விடை பிரான்சு நாட்டின் வெசூல் என்னும் சிற்றூரிலிருந்து வந்தது. ழான் லூயி மூரா என்பவர் 1860-ஆம் ஆண்டளவில், வீட்டுக் கழிவு நேரே குழிக்குப் போகாமல் இடையில் ஒரு மூடிய தொட்டியில் தங்கிச் செல்லுமாறு அமைத்தார். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அத்தொட்டியைத் திறந்து பார்த்தார். கெட்டிப்பொருள் நிறைந்து கிடக்கும் என்று எதிர்பார்த்தவர், பெரும்பாலும் கலங்கிய நீரையே கண்டார். போட்டதெல்லாம் எங்கே போயிற்று? மூராவோடு மொய்ஞோ என்னும் பாதிரியாரும் சேர்ந்துகொண்டு இதனை ஆராய்ந்தார். 1881-இல் மூரா காப்புரிமை பெற்றார். மனிதக் கை படாமல் தானே துப்புரவு செய்துகொள்ளும் பொறி என்று அதனை உலகுக்கு அறிவித்தனர். காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் உண்டு என்பதை லூயி பாஸ்டர் 1861-இலேயே காட்டியிருந்தார். அவ்வகை உயிர்களே தொட்டிக்குள் இருளில் வேலை செய்தன.

1895-இல் இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரப் பொறியாளர் டொனால்டு கேமரன் இதே முறையில் பெரியதொரு தொட்டியைக் கட்டி, அதற்குச் 'செப்டிக் டேங்க்' என்று பெயரிட்டார். அழுகச் செய்வது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது அப்பெயர். தமிழில் இதனை நச்சுத் தொட்டி என்று எழுதுவோர் உண்டு. அழுகல் தொட்டி என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. தொட்டியில் எழும் வாயுவைக் கொண்டு கேமரன் அங்கே விளக்கும் ஏற்றிக் காட்டினார். பின்னர் அமெரிக்காவில் காப்புரிமைத் தொகை கேட்டுக் கேமரனின் நிறுவனத்தார் ஊராட்சிகள் மீது வழக்குத் தொடுத்தனர். 1913-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், இங்கிலாந்துக் காப்புரிமை முடிந்தபோதே அமெரிக்க உரிமையும் முடிந்துவிட்டது என்று தீர்ப்பளித்து அவ்வழக்கிற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அழுகுவதற்கும் ஒருவன் வரி கேட்ட கதை இது.

இத்தொட்டி வேலை செய்யும் முறையை மனத்தில் படம்போல் பதித்துக்கொள்ளுங்கள். உள்ளே வந்த கழிவு அசையாமல் ஒரு நாளுக்குக் குறையாமல் தங்க வேண்டும். கனமானது அடியில் சேறாகப் படியும். எண்ணெயும் கொழுப்பும் மேலே ஏடாக மிதக்கும். நடுவில் நிற்பது ஓரளவு தெளிந்த நீர். வெளியேறும் குழாய், ஆங்கில 'டி' எழுத்தின் வடிவில் நீருக்குள் மூழ்கியிருக்கும். ஆதலால் மேலேடும் அடிச்சேறும் போகாமல் நடுநீர் மட்டுமே வெளியேறும். அந்நீர் தூய்மையானது என்று எண்ணிவிடாதீர்கள். நோய்க் கிருமிகள் அதில் நிறைய உண்டு. அதனைத் தூய்மை செய்வது தொட்டியன்று, அடுத்துள்ள உறிஞ்சுகுழியின் மண். எட்வர்டு பிராங்க்லண்டு என்னும் வேதியியல் அறிஞர் இங்கிலாந்தில் 1868 முதல் நடத்திய சோதனைகளில், மண் கழிவுநீரைத் தூய்மை செய்யும் என்றும், ஆனால் இடையிடையே அதற்கு ஓய்வும் காற்றும் வேண்டும் என்றும் கண்டார். ஓய்வில்லாத மண் பாசி போன்ற படலத்தால் அடைபட்டுவிடும்.

மூராவும் அவர் நண்பரும் ஒரு தவறான நம்பிக்கையையும் விட்டுச் சென்றனர். தொட்டி எல்லாவற்றையும் தின்றுவிடும், அதனைத் திறக்கவே வேண்டியதில்லை என்பது அந்நம்பிக்கை. பின்வந்த பொறியாளர்கள் அது மிகையுரை எனக் கண்டனர். நுண்ணுயிர்கள் சேற்றின் அளவைக் குறைக்குமேயன்றி முற்றும் ஒழிக்கமாட்டா. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சேற்றை எடுத்தே ஆக வேண்டும். பொறியாளர் கைவிட்ட நம்பிக்கையை வீட்டுக்காரர் மட்டும் கைவிடவில்லை. தொட்டியின் மேல் சிமெண்டு பூசி, ஓடு பதித்து, துளசிமாடமும் கட்டிவிட்டு மறந்துபோகிறோம்.

நானும் மறந்தவன்தான். 1991-இல் வீடு கட்டியபோது போட்ட மூடியை இருபத்து நான்கு ஆண்டுகள் திறந்ததில்லை. 2015-ஆம் ஆண்டுக் கார்த்திகை மழையில் குளியலறைத் தரைத்துளையிலிருந்து 'களக் களக்' என்று ஓசை வந்தது. மறுநாள் கறுத்த நீர் மேலே ஏறிற்று. வீட்டில் எது மிகத் தாழ்வான துளையோ அதன் வழியேதான் கழிவு முதலில் திரும்பி வரும். ஒரு துளையில் மட்டும் நீர் தேங்கினால் அடைப்பு அருகில் இருக்கிறது. எல்லாத் துளைகளிலும் தேங்கினால் பொதுக் குழாயிலோ தொட்டியிலோ இருக்கிறது. வீட்டிற்கும் தொட்டிக்கும் இடையே உள்ள சிறு பார்வைத் தொட்டியின் மூடியை எடுத்துப் பார்த்தால் மேலும் தெளிவாகும். அது வறண்டிருந்தால் அடைப்பு வீட்டுப் பக்கம். அது நிரம்பியிருந்தால் அடைப்பு அதற்கப்பால் என்று பொருள். என் வீட்டில் நிரம்பியிருந்தது. செப்டிக் தொட்டியிலும் நீர்மட்டம் வெளிக்குழாய்க்கு மேல் நின்றது. ஆகவே நீர் உள்ளே வரத் தடையில்லை, வெளியே போகத்தான் வழியில்லை. கொல்லை முழுதும் மழைநீர் நிற்க, உறிஞ்சுகுழி எதனை உறிஞ்சும்? குழாய்களையெல்லாம் மூடி, வீட்டில் நீர் புழங்குவதை நிறுத்தினோம். அப்போது செய்யத்தக்க முதல் வேலை அதுவே. அமிலம் ஊற்றுங்கள் என்றார் ஒருவர். ஊற்றினால் அடைப்பு நீங்காது, வேலை செய்யும் நுண்ணுயிர்கள் மடியும்.

அன்று மாலை ஓர் இளைஞர் வந்தார். "ஐயா, ஐந்து நிமிடம் உள்ளே இறங்கினால் போதும், அடைப்பை எடுத்துவிடுவேன்" என்றார். அவருக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். என் பள்ளியில் படித்தவரல்லர், ஆனால் படித்திருக்கக்கூடியவர். கூலியையும் சொன்னார். நான் சரி என்று தலையசைக்க இருந்தேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. நாற்றமும் மழையும் மனிதனை அவ்வளவு விரைவில் சிறியவனாக்கிவிடுகின்றன. என் மனைவிதான், "அந்தப் பிள்ளையை இறக்க வேண்டாம். தண்ணீர் வடியும் வரையில் நாம் அக்கா வீட்டில் இருந்துகொள்ளலாம்" என்றார்.

நான் மாணவனாக இருந்தபோது வேதியியல் ஆய்வுக்கூடத்தில் கிப்பின் கருவியில் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைத் தயாரித்தவன். அழுகிய முட்டை நாற்றம் என்று விடைத்தாளில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். அவ்வாயுதான் செப்டிக் தொட்டியில் நிற்கிறது. அது காற்றினும் கனமானது, அடியில் தங்கும். சேற்றைக் கிளறினால் திடீரெனப் பெருகும். அளவு மிகுந்தால் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். ஆகவே நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று எண்ணுபவன் அடுத்த மூச்சில் வீழ்வான். வீழ்ந்தவனைத் தூக்கக் குதிப்பவனும் வீழ்வான். ஒரு தொட்டியில் இருவர், மூவர் என்று சேர்ந்து மடிவதாக நாம் செய்தித்தாளில் படிப்பதன் காரணம் இதுவே. உடன் நிற்கும் மீத்தேன் வாயு தீப்பற்றக்கூடியது. ஆதலால் தீக்குச்சி கொளுத்தி உள்ளே பார்ப்பதும் ஆகாது.

மனிதரை மலக்குழிக்குள் இறக்குவது நம் நாட்டில் குற்றம். 1993-ஆம் ஆண்டுச் சட்டம் எடுப்புக் கக்கூசுகளையும், கையால் மலம் அள்ளுவதையும் தடை செய்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் செப்டிக் தொட்டியையும் பாதாளச் சாக்கடையையும் சேர்த்தது. உரிய பாதுகாப்பின்றி ஆளை இறக்குபவர் நகராட்சியாயினும் தனி வீட்டுக்காரராயினும் தண்டனைக்குரியவர். முதற்குற்றத்திற்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். 2014 மார்ச்சில் உச்சநீதிமன்றம், 1993 முதல் இவ்வாறு மாண்டவர் குடும்பங்களுக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. என் வீட்டு வாசலில் அந்த இளைஞர் நின்றபோது, 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. குழிக்குள் இறங்குவோர் பெரும்பாலும் ஒரு சில சாதியினராகவே இருப்பது ஏன் என்பது வரலாற்று மாணவர்கள் கேட்க வேண்டிய வினா. இலண்டனில் இரவில் மட்டும் நடமாடவிட்ட கூட்டத்தாரைப் பற்றிப் படிக்கும்போது நம் தெருவையும் பார்க்கத்தான் வேண்டும்.

மறுநாள் உறிஞ்சு லாரிக்காரரை அழைத்தேன். வந்து கொல்லையைப் பார்த்தவர் உடனே குழாயை இறக்கவில்லை. "சுற்றிலும் தண்ணீர் நிற்கிறது. இப்போது தொட்டியைக் காலி செய்தால் வெளி அழுத்தத்தில் பக்கச் சுவர் உள்ளே சாய்ந்துவிடும். நிலத்து நீர் இறங்கட்டும்" என்றார். படித்த பொறியாளரும் இதனையே சொல்வர். ஐந்து நாள் கழித்து வந்து, நிலத்தின் மேல் நின்றபடியே சேற்றை உறிஞ்சி எடுத்தார். அப்போதுதான் தெரிந்தது, வெளிக்குழாயின் 'டி' வடிவப் பகுதி எப்போதோ உடைந்து விழுந்திருக்கிறது. மேலேட்டுக் கொழுப்பு பல ஆண்டுகளாக உறிஞ்சுகுழிக்குப் போய் அதன் மண்ணை அடைத்திருக்கிறது. மழை இறுதி அடியை மட்டுமே தந்தது.

புதிய உறிஞ்சுகுழிக்கு இடம் குறித்தபோது கொத்தனார் கிணற்றின் அருகிலேயே கோடு போட்டார். குடிநீர்க் கிணற்றிலிருந்து உறிஞ்சுகுழி 18 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிறுவன விதி. என் மனையின் நீளமே அவ்வளவில்லை. பழைய குழியிலிருந்து கிணறு ஒன்பது மீட்டரில் இருந்ததையும் அன்றுதான் நாடா பிடித்து அளந்தேன். இருபத்து நான்கு ஆண்டுகள் அந்நீரைக் குடித்திருக்கிறோம். குழியை வாசற்பக்கம் மாற்றினேன். கிணற்று நீரைக் குடிப்பதை நிறுத்தித் தோட்டத்திற்கு மட்டும் பயன்படுத்துகிறோம். வெள்ளம் ஏறிய அறைகளைக் கையுறை அணிந்து கழுவி, பிளீச்சிங் பொடிக் கரைசல் தெளித்து, இரண்டு நாள் உலரவிட்டோம். தொட்டியின் காற்றுக்குழாய் முனையில் கொசுவலை கட்டினோம். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு இத்தகைய தொட்டிகளில்தான் பெருகுகிறது.

மூடியின் மேல் இப்போது ஓடு இல்லை. தொட்டியைக் காலி செய்த நாளைக் கொல்லைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறேன். அதன் கீழே 2018 என்றும் 2021 என்றும் 2024 என்றும் மேலும் மூன்று வரிகள் சேர்ந்திருக்கின்றன.